ஊர் ரேடியோச் சங்கமும் அதனை நிலைநிறுத்தும் நெறியும்

மாந்தர் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் சாதனங்கள் இந்நாளில் அளவிறந்து பெருகியுள்ளன. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை பிறர் நிறுவிய கோபுரத்தையும் பிறர் அனுப்பும் மின்சாரத்தையும் நம்பியே இயங்குவன. அவ்விரண்டும் அற்றுப்போன வேளையிலும் தம் கருவிகொண்டு தாமே பேச வல்லார் ஒரு சாரார் உளர். ஊதியம் கருதாது, அரசாங்க உரிமம் பெற்று, அறிவு வளர்ச்சியின் பொருட்டும் பரோபகாரத்தின் பொருட்டும் ரேடியோ அலைகளைப் பயில்வோராகிய இவர்களை அமெச்சூர் ரேடியோக்காரர் என்றும், ‘ஹாம்’ என்றும் வழங்குவர். இத்தகையோர் ஓர் ஊரில் கூடிச் சங்கம் அமைப்பது எங்ஙனம், அமைத்த சங்கத்தை அழியாது காப்பது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. தென்பெண்ணை கரைபுரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தின் கீழ் வெள்ளம் அபாய அளவைக் கடந்தமையால் இரயில்கள் நின்றன. இத்தகைய காலத்தில், மின்சாரம் அற்ற கைப்பேசிக் கோபுரம் தன் பாட்டரி தீர்ந்ததும் ஊமையாகிவிடும். அப்போது விழுப்புரத்தின் நிலையைத் திண்டிவனத்துக்கு உரைப்பார் யார்? இக்கேள்விக்கு விடை கூறுதலே ஊர் ரேடியோச் சங்கத்தின் பயன்.

சங்கம் அமைத்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924 மே 16ஆம் நாள் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றிற்று. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் அது ஒலிபரப்பையும் தொடங்கிற்று. ஆனால் 1927 அக்டோபரில், பொருள் முட்டுப்பாட்டினால், அக்கழகம் தன் பணியை நிறுத்த நேர்ந்தது. அதன் ஒலிபரப்பி சென்னை நகராண்மைக் கழகத்தின் கைக்குச் சென்று, 1930 ஏப்ரல் 1 முதல் மீண்டும் பேசிற்று. கருவி கெடவில்லை; அதனைத் தாங்கிய ஏற்பாடே தளர்ந்தது. சங்கம் நடத்தப் புகுவோர் இதனை மறத்தலாகாது.

நிற்க. அக்கழகம் பாட்டும் பிரசங்கமும் பரப்பிற்று. இக்காலத்து அமெச்சூர் நிலையத்துக்கோ அவ்வுரிமை இல்லை. உரிமம் பெற்றார் ஒருவர் உரிமம் பெற்ற மற்றொருவரோடு உரையாடலாம். இசை பரப்புதலும், வியாபாரம் பேசுதலும், மறைமொழி வழங்குதலும் விலக்கப்பட்டவை. உரிமம் வேண்டுவோர் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் பரீட்சையில் தேற வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பியவரும் அதற்கு அமரலாம். ஆதலின் சங்கத்தின் முதற் கடமை கருவி வாங்குதலன்று. மின்னியலும் சட்ட விதிகளும் கற்பிக்கும் வகுப்பு ஒன்றை இடையறாது நடத்துதலே.

இனி, நிலத்தியல்பை நோக்குவோம். விழுப்புரமும் திண்டிவனமும் நேர்கோட்டில் 35 கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவில் உள்ளன. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள் ஏறத்தாழக் கண் பார்வை போலவே நேராகச் செல்வன. பூமியின் வளைவு அவற்றை மறைக்கும். ஏரியலின் உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அது எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். இரு முனைகளுக்கும் இங்ஙனம் கண்டு கூட்டுதல் வேண்டும். இரண்டு ஊர்களிலும் 25 மீட்டர் உயரத்தில் ஏரியல் நிறுவின் 41 கிலோமீட்டர் ஆகும், பேச்சு எட்டிவிடும். அன்றி, இடைப்பட்ட மயிலத்தைப் போன்றதோர் இடத்தில், சமவெளிக்கு மேல் 30 மீட்டர் உயரத்தில், ஒரு மறு ஒலிபரப்பியைத் தக்க அனுமதியுடன் நிறுவின், கையடக்கக் கருவி ஏந்தி நிற்பவனுக்கும் 28 கிலோமீட்டர் வரை கணக்களவில் எட்டும். மரமும் சுவரும் இதனைக் குறைக்குமாதலின், நேரிற் சோதித்துப் படம் வரைந்து வைத்தல் இன்றியமையாதது.

அதற்கப்பாலுள்ள ஊர்களோடு பேச 7 மெகாஹெர்ட்ஸ் அலை உதவும். ஏறக்குறைய 20 மீட்டர் நீளமுள்ள தாமிரக் கம்பியை நடுவே துண்டித்து, அங்கிருந்து கேபிள் இறக்கி, இரு மரங்களுக்கிடையே தாழக் கட்டினாலும் போதும். அலை மேல்நோக்கிச் சென்று, அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் பரப்பில் இறங்கும்; சென்னையும் வேலூரும் திருச்சியும் பகற்பொழுதில் இவ்வழியே செவிக்கு எட்டும். புயலில் கம்பம் சாயினும் கம்பியை மீளக் கட்டிவிடலாம் என்பது இதன் பெருநன்மை.

கருவி அமைந்தபின் வேண்டுவது ஒழுங்கு. வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த வேளையில், அங்கத்தினர் யாவரும் அலைவரிசையில் கூட வேண்டும். ஒருவர் தலைமை ஏற்று ஒவ்வொருவரையும் பெயர்க்குறியால் அழைப்பார், அழைக்கப்பட்டவரே பேசுவார். செய்தி ஒன்றுக்கு எண், நேரம், அனுப்புவோர், பெறுவோர் ஆகியவற்றைத் தாளில் வரைந்து, நிதானமாக வாசித்து, கேட்டவர் அதனைத் திரும்பக் கூறியபின்னரே முடிந்ததாகக் கொள்ளல் வேண்டும். அரிசி நூறு மூட்டை என்பது ஆறு மூட்டை எனக் கேட்கப்படின் விளையும் இடர் சிறிதன்று. மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பாட்டரியால் மட்டும் கூட்டம் நடத்துதல் நன்று. 40 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் பாதியளவே செலவிடத் துணியின், சராசரி ஓர் ஆம்பியர் ஈர்க்கும் கருவி 20 மணி நேரம் உழைக்கும். இக்கணக்கு ஒவ்வோர் அங்கத்தினருக்கும் மனப்பாடமாதல் வேண்டும்.

சந்தா சிறிதாயினும் தவறாது தண்டப்பெறுதலும், வரவு செலவை ஆண்டுதோறும் யாவரும் காண வாசித்தலும் காரியதரிசியின் கடன். ஒரு செல்வரின் கொடையை மட்டும் நம்பிய சங்கம் அவர் மனம் மாறின் மாயும். கல்லூரி மாணவர் நிறைந்த சங்கத்துக்கு வேறோர் ஆபத்தும் உண்டு: வல்லவர் பட்டம் பெற்றுப் போய்விடுவர். எனவே ஒவ்வொரு பதவிக்கும் இளையவர் ஒருவரை உடன்வைத்துப் பழக்குதல் வேண்டும். கருவி எங்குள்ளது, எத்திருகு எதற்கு என்பவை ஒருவர் நெஞ்சில் மட்டும் இராது, குறிப்பேட்டிலும் இருத்தல் வேண்டும்.

இவ்வொழுங்கின் பயனை 2004ஆம் ஆண்டு உலகம் கண்டது. ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சார்ந்த பாரதி பிரசாத் அம்மையார், அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்திலேயே அந்தமானின் போர்ட் பிளேயருக்குக் குழுவோடு சென்று வி.யு.4 ஆர்.பி.ஐ. என்னும் பெயர்க்குறியில் நிலையம் நடத்திவந்தார். டிசம்பர் 26ஆம் நாள் நிலம் நடுங்கிக் கடல் பொங்கியபோது, பயின்ற கைகளும் நிறுவிய ஏரியலும் அங்கே ஆயத்தமாக இருந்தன. தீவினரின் செய்திகள் அந்நிலையத்தின் வழியே வெளியுலகை அடைந்தன. ஆபத்து வந்தபின் ஏரியல் தேடியிருப்பின் இது கைகூடியிராது.

எனவே நம் மாணவ நண்பர்காள், விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ விடுமுறையில் செல்லும்போது, இருவர் மூவரையேனும் சேர்த்துக்கொண்டு இப்பரீட்சைக்குப் படிக்கத் தொடங்குங்கள். முன்னாள் மாணாக்கராகிய பெரியோர் ஒரு பாட்டரியோ ஒரு கம்பமோ அளித்து ஊக்குவிப்பாராக. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் தவறாது வருவது. வாரக் கூட்டமும் அங்ஙனமே தவறாது நடைபெறுமாயின், இருண்ட இரவொன்றில் அயலூரிலிருந்து வரும் ஒரு குரலுக்கு விடை கூற ஆள் இருக்கும்.