சேஷாசலச் செம்மரமும் ஆசிய நாடுகளின் பொறுப்பும்

ஆசிய நாடுகளின் பாதுகாப்பு என்றவுடன் எல்லைப் படைகளும் தலைவர்களின் மாநாடுகளும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும், ஒரு நாட்டுச் சந்தையில் எழும் வேட்கை மற்றொரு நாட்டுக் காட்டில் உயிர்ப்பலி கொள்வதும் பாதுகாப்புப் பிரச்சினையே. இதனை உணரச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் செம்மரக் காடுகளை நோக்கினால் போதும்.

தெலுங்கில் எர்ரசந்தனம் எனப்படும் செம்மரம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா ஆகிய குன்றுகளின் கல்லும் வறட்சியும் மிகுந்த நிலத்தில் அது மெதுவாக வளர்கிறது. வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். இக்காடுகளில் பெரும்பகுதியை உள்ளடக்கிய சேஷாசலம், 2010-ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மரமோ உள்ளூரில் அதிகம் விலைபோவதில்லை. சீனாவில் அரச குடும்பத்தினர் காலந்தொட்டு இம்மரத்தாலான நாற்காலியும் பேழையும் செல்வத்தின் சின்னம். ஜப்பானில் ஷாமிசென் என்னும் நரம்பிசைக் கருவியின் கழுத்துப்பகுதியை இதனால் செய்கின்றனர். மரத்தின் விலையை நிர்ணயிப்பது திருப்பதி அன்று. கடல் கடந்த நகரங்களே என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

மலையில் வெட்டிய கட்டை தலைச்சுமையாக இறங்கி, லாரியில் காய்கறிக்கும் வைக்கோலுக்கும் அடியில் மறைந்து துறைமுகத்தை அடைகிறது. அங்கே வேறு சரக்கின் பெயரில் பெட்டகத்தில் ஏறுகிறது. நேபாளத்தின் வழியே தரைமார்க்கமாகத் திபெத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட கட்டைகளும் பலமுறை பிடிபட்டுள்ளன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை பன்மடங்காகிறது. மிகக் குறைந்த பங்கும் மிக அதிக ஆபத்தும் கோடரி பிடித்தவனுக்கே வாய்க்கின்றன.

மலையில் நிகழ்ந்தவை

2013 டிசம்பரில், சேஷாசலக் காட்டில் மரம் வெட்டுவோரைத் தடுக்கச் சென்ற வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டனர். பின்னர் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு, காவல், வனத்துறைப் பணியாளர்கள் அடங்கிய தனி அதிரடிப்படை அமைக்கப்பட்டது. 2015 ஏப்ரல் 7 அன்று, சந்திரகிரியை அடுத்த காட்டில் இரு இடங்களில் அப்படையினர் சுட்டதில் 20 தமிழகத் தொழிலாளர்கள் மாண்டனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தினர். தற்காப்புக்காகச் சுட்டதாகப் படை கூறியது. பிடித்துச் சென்று சுட்டதாக மனித உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டின. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இறந்தவர்களிலும், ஆண்டுதோறும் ஆந்திரச் சிறைகளில் அடைபடுவோரிலும் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை ஆகியவற்றின் மலையாளிப் பழங்குடியினர் பலர். மானாவாரிச் சாமையும் தினையும் ஆண்டு முழுதும் சோறிடா. கோடரி வேலையில் தேர்ந்த அவர்களை நாடி இடைத்தரகர் வருகிறார், முன்பணம் தருகிறார், சில வேளைகளில் எங்கே செல்கிறோம் என்பதையும் சொல்வதில்லை. வழக்கு நடக்கும் மொழியோ தெலுங்கு. ஜாமீனுக்கு உள்ளூர்ப் பிணையாளர் வேண்டும். வீட்டிலுள்ள பெண்கள் கடன் வாங்கி அலைய, அடுத்த முன்பணத்துக்கு வழி பிறந்துவிடுகிறது! காவல் கடுமையானால் கூலி உயருமே தவிர, ஆள் கிடைக்காமற் போவதில்லை என்பதே இதன் பொருளாதாரம்.

ஒப்பந்தம் எட்டும் தூரம்

அழிவை எதிர்நோக்கும் விலங்குகள், தாவரங்கள் ஆகியவற்றின் வாணிபம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம் 1975-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976-இல் இணைந்தது. செம்மரம் 1995-இல் அதன் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏற்றுமதி நாட்டின் அனுமதிச் சீட்டின்றி உறுப்பு நாடு எதுவும் அதனை இறக்குமதி செய்யலாகாது. சீனா, ஜப்பான், நேபாளம், சிங்கப்பூர் யாவும் உறுப்பு நாடுகளே. ஆனால் இவ்விதி கட்டை, சில்லு, தூள், சாறு ஆகியவற்றையே குறிப்பிடுகிறது. கட்டை நாற்காலியாகி மெருகேறிய பின் ஒப்பந்தத்தின் கை அதனைத் தொடாது. வாங்குபவர் வீட்டுக் கூடம் இவ்வாறு சட்டத்துக்கு வெளியே நிற்பது பெருங்குறை என்றே கருத வேண்டும்.

தெற்காசிய நாடுகள் எட்டும் கூடி, வனவுயிர்க் குற்றத் தடுப்பு வலையமைப்பை 2011-இல் பூட்டானில் தொடங்கின. அதன் செயலகம் காத்மண்டுவில் உள்ளது. அரசியல் வேற்றுமைகளால் பிற மேடைகள் முடங்கும்போதும், சுங்க அதிகாரிகள் தகவல் பரிமாறிக்கொள்ள இத்தகைய ஏற்பாடு உதவும். ஆயினும் முக்கியச் சந்தையான சீனா இவ்வட்டத்தில் இல்லை. தனி நாடுகளிடையே ஒத்துழைப்பு பயனளித்ததும் உண்டு: செம்மரக் கடத்தல் வழக்குகளில் தேடப்பட்ட ஒருவர் 2015-இல் மொரீஷியஸில் கைதாகி, அதே ஆண்டில் இந்தியா கொண்டுவரப்பட்டார்.

நாடுகளுக்கிடையே கோரும் ஒத்துழைப்பு இரு மாநிலங்களுக்கிடையேயும் தேவை. சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. அப்பகுதியின் எல்லைத் தகராறு படாஸ்கர் தீர்ப்பின்படி பேச்சால் முடிந்து, 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னைக்கு வந்தது. நிலத்தைப் பங்கிட முடிந்த இவ்விரு மாநிலங்களுக்கு, ஜவ்வாது மலையில் வேலைவாய்ப்பும் சித்தூர் நீதிமன்றங்களில் தமிழறிந்த சட்ட உதவியும் ஏற்படுத்துவது இயலாத காரியமன்று.

2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய ஒப்பந்த நிலைக்குழு, செம்மர வாணிபம் தொடர்பாக இந்தியாவின்மீது 2004 முதல் இருந்துவந்த மறுஆய்வை விலக்கியது. பண்ணையில் செம்மரம் வளர்க்கும் ஆந்திர, தமிழக உழவர்களுக்கு இது நல்ல செய்தி. வளர்ப்பு மரம் தாராளமாகச் சந்தைக்கு வந்தால் காட்டுமரத்தின் விலை குறையலாம். அதன் போர்வையில் காட்டுமரமும் கலக்கலாம். இரண்டில் எது நிகழும் என்பது கிராம நிர்வாக அலுவலர், வனச்சரகர், சுங்க அதிகாரி ஆகியோரின் பதிவேடுகளைப் பொறுத்தது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் வாணிப வருவாயில் மரம் வளர்த்தவருக்கும் அது நின்ற பகுதிக்கும் பங்களிக்க வழிசெய்கிறது. ஜவ்வாது மலைக் குடும்பம் அக்கணக்கில் எந்த இனத்திலும் வருவதில்லை.