கீழ்வீட்டுப் பிரிண்டரும் மாடிவீட்டுக் கணிப்பொறியும்

2011ஆம் ஆண்டில் வேலூர் மாநகராட்சியோடு இணைந்துவிட்ட சத்துவாச்சாரியில், மாடிமேல் மாடியாக எழுந்த கூட்டுக் குடும்ப வீடுகள் உண்டு. கீழ்த்தளத்தில் தோல் வணிகக் கணக்குப் பார்க்கும் சிறிய அறை. மேலே அண்ணன் தம்பியரின் குடித்தனங்கள். இத்தகைய இல்லங்களில் கணிப்பொறி மூன்றிருக்கும். பிரிண்டர் ஒன்றே இருக்கும். ஆம்பூருக்குச் சரக்கு ஏற்றிய வண்டி வாசலில் நிற்க, இ-வே பில்லின் படி தேவைப்படும் வேளையில்தான் 'பிரிண்டர் கிடைக்கவில்லை' என்று மாடிக் கணிப்பொறி கைவிரிக்கும். மகளின் தேர்வு நுழைவுச்சீட்டும் அப்போதே காத்துக் கிடக்கும்.

ஒரு பிரிண்டரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் தேவை புதிதன்று. கணிப்பொறிகளைக் கம்பியால் பிணைக்கும் ஈதர்நெட் முறை, 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவானதற்கு ஒரு காரணமே, அங்கிருந்த லேசர் பிரிண்டரை யாவரும் பயன்படுத்த வேண்டியிருந்ததுதான்.

நம் வீடுகளிலோ, கைதேர்ந்தவர் எனப் பெயரெடுத்த உறவுக்காரப் பிள்ளை அழைக்கப்படுவார். ஃபயர்வால் என்னும் காவல் மென்பொருளை நிறுத்துவார். கடவுச்சொல் வேண்டாமென மாற்றுவார். டி டிரைவ் முழுவதையும் 'எவரிஒன்' என்று எல்லார்க்கும் திறந்துவிடுவார். பிரிண்டர் ஓடும், அவருக்குத் தேநீரும் கிடைக்கும். கோளாறு எதுவென்பது மட்டும் எவருக்கும் தெரியாது.

அதனைக் கண்டறிவது அப்படியொன்றும் கடினமன்று. முதலில் பிரிண்டர் செருகப்பட்டுள்ள கணிப்பொறியிலிருந்தே ஒரு தாள் அச்சிட்டுப் பாருங்கள். அங்கேயே அச்சாகாவிடில் பகிர்வைக் குறைகூறிப் பயனில்லை. அக்கணிப்பொறி உறக்க நிலைக்குச் சென்றிருந்தாலும் மாடியிலிருப்போர்க்குப் பிரிண்டர் இல்லாததே.

அடுத்து, இரு கணிப்பொறிகளும் ஒரே வலையில் உள்ளனவா என்று நோக்க வேண்டும். கான்கிரீட் தளத்தைக் கடந்து வைஃபை சரிவர ஏறாமையால், மாடிக்கென இரண்டாவது ரூட்டர் பொருத்துகின்றோம். அது தனக்கெனத் தனி வலையை உண்டாக்கிவிடுவதுண்டு. இணையம் இரு தளங்களிலும் தடையின்றி வருமாதலால் எவரும் ஐயுறுவதில்லை. கமாண்ட் பிராம்ட் திரையில் ஐபிகான்ஃபிக் என்னும் கட்டளையை இட்டு, ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். கீழே 192.168.1 என்றும் மேலே 192.168.0 என்றும் தொடங்குமாயின் வீட்டுக்குள் வலை இரண்டு. இரண்டாவது ரூட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும்.

ரூட்டரை மாற்றிய மறுநாளே பகிர்வு நின்றுபோனால் காரணம் வேறு. அறிமுகமில்லாத வலையை, பேருந்து நிலையத்துப் பொது வைஃபை போலக் கருதி, விண்டோஸ் 'பப்ளிக்' எனக் குறித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். நம் வீட்டு வலையை 'பிரைவேட்' என மாற்றி, கோப்பு, பிரிண்டர் பகிர்வை இயக்கினால் போதும். ஃபயர்வால் தன் காவலைத் தொடர்ந்து செய்யட்டும்.

பலரும் சலித்துப்போகும் இடம் கடவுச்சொல்தான். நாள்தோறும் பின் எண்ணைத் தட்டிக் கணிப்பொறியைத் திறப்போர், அதனையே இங்கும் இடுகின்றனர். பின் எண் அந்த ஒரு கணிப்பொறிக்கே உரியது. வலைவழி வருவோர், கீழ்க் கணிப்பொறியிலுள்ள கணக்கின் பெயரையும் அதன் முழுக் கடவுச்சொல்லையும் தருதல் வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கை விண்டோஸ் இயல்பாக வலைவழி ஏற்பதில்லை. பகிர்வுக்கென்றே தனிக் கணக்கொன்று ஏற்படுத்திக்கொள்வது நலம்.

பிரிண்டரிலேயே வைஃபை வசதி இருப்பின் இத்தனை பாடும் வேண்டியதில்லை. அதை நேரே ரூட்டரோடு இணைத்துவிடலாம். மின்வெட்டுக்குப்பின் பிரிண்டரின் முகவரி எண் மாறி, அச்சு நிற்பதுண்டு. ரூட்டரில் அதற்கு நிலையான எண் ஒதுக்கினால் அத்தொல்லையும் தீரும்.

இனி, எல்லாவற்றையும் திறந்துவைப்பதன் விளைவைக் காண்போம். 2017 மே மாதம் வான்னக்ரை என்னும் கிருமி, கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி முறையின் பழைய முதற்பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகவே கணிப்பொறிக்குக் கணிப்பொறி தாவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நிலைகுலைந்தன. அண்டை ஆந்திரத்தின் காவல்துறைக் கணிப்பொறிகள் சிலவும் சிக்கின. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கான திருத்தத்தை இரு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது! பழைய எக்ஸ்பி கணிப்பொறியோடு இணைய வேண்டுமென்று அம்முதற்பதிப்பை மீண்டும் இயக்கச் சொல்வோர்க்கு இணங்காதீர்கள். 2021இல் பிரிண்டர் சேவையிலும் கடுமையான ஓட்டை கண்டறியப்பட்டது. அதற்கான திருத்தங்களால் சில வீடுகளில் அச்சு நின்றதுண்டு. அப்போது திருத்தத்தை நீக்குவதன்று, எல்லாக் கணிப்பொறிகளிலும் அண்மைத் திருத்தங்களை ஏற்றுவதே முறை.

பகிர வேண்டியது ஒரு கோப்புறையே, டிரைவ் முழுவதுமன்று. பெண்மக்களின் நிகாஹ் படங்கள் இருக்கும் கோப்புறையும், வணிகக் கணக்கும், குடியிருப்போர்க்கும் விருந்தினர்க்கும் கொடுத்த அதே வைஃபையில் ஏன் திறந்து கிடக்க வேண்டும்? அவர்களுக்கு ரூட்டரிலுள்ள 'கெஸ்ட்' வலையைக் கொடுங்கள். கணக்கைப் பார்க்க மட்டுமே வேண்டியவர்க்கு 'ரீட்' அனுமதி போதும். வாரம் ஒருமுறை அக்கணக்கை வெளி வன்தட்டொன்றில் படியெடுத்து, தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். இணைப்பிலேயே விட்டுவைத்த தட்டையும் வான்னக்ரை போன்ற கிருமிகள் பூட்டிவிடும்.