அகாரி விளக்கு

அகாரி என்பது ஜப்பானிய-அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சி (1904–1988) 1951 முதல் வடிவமைத்து வந்த தாள் விளக்குகளின் பெயர் ஆகும். 'அகாரி' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு ஒளி என்று பொருள். எடையற்ற தன்மையையும் இச்சொல் உணர்த்துவதாக நொகுச்சி கருதினார். மூங்கில், மரப்பட்டைத் தாள் ஆகிய இயற்கைப் பொருள்களிலிருந்து ஒரு சிற்பி எவ்வாறு புதிய வடிவங்களைக் கண்டடைய முடியும் என்பதற்கு இவ்விளக்குகள் நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

நொகுச்சி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஜப்பானியக் கவிஞர். தாய் அமெரிக்க எழுத்தாளர். இளமையின் ஒரு பகுதி ஜப்பானில் கழிந்தது. 1927-இல் பாரிசு சென்று, சிற்பி பிரான்குசியிடம் உதவியாளராகப் பணியாற்றினார். கல்லையும் மரத்தையும் நேரடியாகச் செதுக்கும் முறையையும், ஒவ்வொரு பொருளின் இயல்பையும் மதிக்கும் பழக்கத்தையும் அங்கே கற்றார்.

1951-இல் ஜப்பானின் கிஃபு நகருக்குச் சென்றபோது, அங்கு நாகரா ஆற்றில் நீர்க்காகங்களைக் கொண்டு இரவில் மீன் பிடிப்பதைப் பார்த்தார். தாள் விளக்குகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. நலிந்து வந்த அத்தொழிலுக்குப் புத்துயிர் அளிக்க உதவுமாறு நகரத்தலைவர் அவரைக் கேட்டுக்கொண்டார். பழைய வடிவத்தை அப்படியே நகலெடுக்காமல், அதே கைத்தொழிலைக் கொண்டு மின்விளக்குக்கு ஏற்ற புதிய வடிவங்களை அவர் உருவாக்கத் தொடங்கினார்.

செய்முறை

முதலில் பல மரத்துண்டுகளை இணைத்து ஓர் அச்சு செய்யப்படுகிறது. அதன்மேல் மெல்லிய மூங்கில் கீற்று சுருளாகச் சுற்றப்படுகிறது. காகித மல்பெரி மரத்தின் உட்பட்டையிலிருந்து செய்யப்படும் வாஷி என்னும் தாள் கீற்றுகளாக வெட்டப்பட்டு, மூங்கிலின்மீது ஒட்டப்படுகிறது. பசை காய்ந்தபின் அச்சு தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு வெளியே எடுக்கப்படுகிறது. உள்ளே தாங்கும் மரம் ஏதும் இல்லாததால் விளக்கைத் தட்டையாக மடிக்கலாம். தொலைவுக்கு அனுப்புவதும் எளிது. தாளின் நார்கள் மின்குமிழின் கூசும் ஒளியை மென்மையாக்குகின்றன. அதாவது, விளக்கின் அழகு தனியே சேர்க்கப்பட்டதன்று. பொருளின் இயல்பிலிருந்தே வருவது.

சிற்பமா, பயன்பொருளா?

வீட்டில் தொங்கும் விளக்கு சிற்பமாகுமா என்ற கேள்வி அகாரியைத் தொடர்ந்து வந்தது. நொகுச்சி அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. 1986-இல் வெனிசு இருபதாண்டு அல்ல, ஈராண்டுக் கலைக்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் கலந்துகொண்டபோது, 'சிற்பம் என்பது என்ன?' என்று தம் காட்சிக்குப் பெயரிட்டு, அகாரி விளக்குகளையும் வைத்தார். வெண்பளிங்கில் செய்த சறுக்குமரம் ஒன்றும் அங்கே இடம்பெற்றது. இந்தியாவில் அவர் கண்ட ஜந்தர் மந்தர் வானாய்வகக் கட்டுமானங்கள் அதற்குத் தூண்டுதலாக இருந்தன.

கல்லிலும் அவரது அணுகுமுறை இதுவே. ஜப்பானின் சிக்கோக்குத் தீவிலுள்ள முரே ஊரில் செதுக்கிய கருங்கற்கள் பலவற்றில், காலத்தால் பழுப்பேறிய மேற்பரப்பின் சில பகுதிகளை அப்படியே விட்டு, மற்றவற்றை மட்டும் மெருகேற்றினார்.

இன்றைய நிலை

அகாரி விளக்குகள் நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களில் உருவாயின. கிஃபு நகரில் இன்றும் அவை கையாலேயே செய்யப்படுகின்றன. நியூயார்க் நகரில் 1985-இல் நொகுச்சி நிறுவிய அருங்காட்சியகத்தில் கற்சிற்பங்களுடன் இவ்விளக்குகளையும் காணலாம்.