தொண்ணூறாயிரம் பேர் எழுதிய புத்தகம்

2008 செப்டம்பரில் ஜெர்மனியின் பெர்டெல்ஸ்மான் நிறுவனம் ஒரே தொகுதியாக ஒரு கலைக்களஞ்சியம் வெளியிட்டது. 992 பக்கங்கள், விலை 19.95 யூரோ. ஜெர்மன் விக்கிப்பீடியாவில் வாசகர்கள் அதிகம் தேடிய தலைப்புகளைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கட்டுரைகளின் முகப்புப் பகுதிகளைச் சுருக்கி, சரிபார்த்து அச்சேற்றியிருந்தார்கள். இணையத்தில் காசு கொடுக்காமல் படிக்கக்கூடிய அதே செய்திகள்தான். விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு யூரோ, விக்கிப்பீடியாவுக்குத் துணைநிற்கும் ஜெர்மன் விக்கிமீடியா அமைப்புக்குப் போனது. இந்தப் புத்தகத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் ஆசிரியர் பட்டியல். மிகப் பொடி எழுத்தில், பக்கம் பக்கமாக, ஏறத்தாழ 90,000 பெயர்கள். அவற்றில் பல, விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்கள். ஒற்றுப்பிழை திருத்தியவரும் முழுக் கட்டுரை எழுதியவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஓர் உரிமம் இருக்கிறது. விக்கிப்பீடியா கட்டுரைகள் தொடக்கத்தில் குனூ கட்டற்ற ஆவண உரிமத்தின்கீழ் வெளியாயின. மென்பொருள் கையேடுகளை மனதில் வைத்து எழுதப்பட்ட உரிமம் அது. பிரதி எடுப்பவர் ஆசிரியர்களின் பெயரைக் குறிப்பிட வேண்டும். உரிமத்தின் முழு வாசகத்தையும் கூடவே சேர்க்க வேண்டும். முந்நூறு பக்கக் கையேட்டுக்கு இது பாரமில்லை. ஒரே ஒரு கட்டுரையை ஒரு தாளில் அச்சிட்டு வகுப்பில் கொடுக்க நினைக்கும் ஆசிரியருக்கோ, கட்டுரையைவிட உரிமம் நீளமாகிவிடும். 2009 ஜூனில் விக்கிப்பீடியா கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறியதற்கு இது போன்ற சங்கடங்களும் காரணம். இப்போதைய நிபந்தனைகள் எளியவை: எழுதியவர்களைக் குறிப்பிட வேண்டும், அதற்குக் கட்டுரையின் இணைய முகவரியே போதும், மாற்றி எழுதினால் அதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். விற்கத் தடையில்லை. நான் தொகுத்து 500 ரூபாய்க்கு விற்கும் நூலை வாங்குபவர், அதில் உள்ள கட்டுரைகளை அப்படியே மறுபடி அச்சிட்டு 50 ரூபாய்க்கு விற்கலாம். வாங்குபவருக்கும் உள்ள இந்த உரிமை பலருக்குத் தெரிவதில்லை.

சட்டம் வழிவிட்டாலும் திரையில் இருப்பது தானாகத் தாளுக்கு வந்துவிடாது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து பீடியாபிரஸ் நிறுவனம் விக்கிமீடியா அறக்கட்டளையுடன் சேர்ந்து இதற்கு ஒரு கருவி செய்தது. விக்கிப்பீடியாவைப் படித்துக்கொண்டே பிடித்த கட்டுரைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க முடிந்தது. வரிசைப்படுத்தி, அத்தியாயம் பிரித்து, தலைப்பு வைத்தால் பிடிஎஃப் கோப்பு தயாரானது. பணம் கட்டினால் அதுவே அச்சுப் புத்தகமாக வீட்டுக்கு வந்தது. சொல்ல எளிது. திரையில் ஒரு கட்டுரை எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் கீழே இறங்கும், அட்டவணை பக்கவாட்டில் விரியும், சொல்லைத் தொட்டால் வேறு கட்டுரை திறக்கும். தாளில் பக்கத்துக்கு விளிம்பு உண்டு. படம் எந்தப் பக்கத்தில் விழ வேண்டும், பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தில் தனியாகப் போய் நிற்காமல் பார்ப்பது எப்படி, பத்து நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையை எங்கே மடக்குவது என்று மென்பொருள்தான் முடிவெடுக்க வேண்டும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ககரம் பின்னால் வருகிறது. கணினியோ முதலில் ககரத்தையும் பிறகு எகரக் குறியையும் சேமிக்கிறது. ஒலிக்கும் வரிசை அது. 'கொ' என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் உட்கார வேண்டும். சேமித்த வரிசையைப் பார்க்கும் வரிசையாக மாற்றிக் கோப்பது தனி வேலை. உலாவிகள் அதைக் கற்றுக்கொண்ட பிறகும், அந்தக் கருவியின் தொடக்ககாலப் பிடிஎஃப் மென்பொருளுக்கு அது தெரியாது. ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் அழகாக வந்த புத்தகம் இந்திய மொழிகளில் கொம்பும் காலும் இடம்மாறிச் சிதைந்து வந்தது. 2014-இல் வந்த மாற்று ஏற்பாடு, எழுத்துகளை முறையாகக் கோக்கத் தெரிந்த ஸீலேடெக் மென்பொருளைப் பயன்படுத்தியது. ஆனால் அதைப் பராமரிப்பது கடினமாகிப்போய் 2017-இல் நிறுத்திவிட்டார்கள். நம் மொழியில் ஒரு தொகுப்பு நூலை அச்சிடும் உரிமை 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய நாளிலிருந்தே நம்மிடம் இருந்தது. பொத்தானைத் தட்டினால் ஒழுங்கான தமிழ்ப் பக்கம் வரும் வசதிதான் பல ஆண்டுகள் எட்டவில்லை. மொழிகளுக்கு இடையிலான சமத்துவம் இப்படிப்பட்ட நுணுக்கங்களில்தான் தீர்மானமாகிறது என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

அச்சு எந்திரமும் இதே காலத்தில் மாறியிருந்தது. ஆஃப்செட்டில் ஒரு பிரதி எடுத்தாலும் பிளேட் செய்த செலவு முழுதாக விழும். ஆயிரம் பிரதி அடித்தால்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டல் எந்திரத்துக்கு பிளேட் கிடையாது, கோப்பிலிருந்து நேராகத் தாளுக்கு. ஆர்டர் வந்த பிறகு ஒரே ஒரு பிரதி அச்சிட்டு அனுப்பலாம். அதற்கு முன் அந்தப் புத்தகம் விற்பனைப் பட்டியலில் ஓர் ஐ.எஸ்.பி.என். எண்ணும் அட்டைப்படமுமாக மட்டுமே இருக்கும். முதலீடு இல்லை, கிடங்கு இல்லை, நட்டமும் இல்லை.

இந்த வசதியை ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் இயங்கிய வி.டி.எம். பதிப்பகம் எல்லை வரை கொண்டுபோனது. ஆல்ஃபாஸ்கிரிப்ட், பீட்டாஸ்கிரிப்ட் என்ற அதன் முத்திரைகளில் பல்லாயிரக்கணக்கான தலைப்புகள் இணையக் கடைகளில் வரிசையாக ஏறின. இயற்பியல், கால்பந்து, மறந்துபோன ரயில் நிலையம் எதுவானாலும் அட்டையில் தொகுப்பாசிரியர்களாக அதே சில பெயர்கள். உள்ளடக்கம் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தது என்பதைப் புத்தகமே சொன்னது. ஆகவே உரிமப்படி பெரிய குறை சொல்ல முடியாது. தலைப்பை மட்டும் நம்பி, திரையில் இலவசமாகக் கிடைப்பதற்கு நல்ல விலை கொடுத்து வாங்கிய வாசகர்கள் கொதித்தார்கள்.

விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, இங்கே தொகுப்பு என்ற வேலையே நடக்கவில்லை என்பது. கலைக்களஞ்சியக் கட்டுரை ஒவ்வொன்றும் தன்னந்தனியாகப் படிக்கப்படும் என்ற எண்ணத்தில் எழுதப்படுவது. எரிமலைகளைப் பற்றி இருபது கட்டுரைகளை அப்படியே ஒட்டினால், பாறைக்குழம்பு என்றால் என்ன என்ற விளக்கம் பலமுறை வரும். ஒரு கட்டுரையை ஒருவர் சென்ற மாதம் திருத்தியிருப்பார், மற்றொன்றை ஐந்தாண்டாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரே மலையின் உயரம் இரண்டு பக்கங்களில் இரண்டு விதமாக இருக்கும். எதைச் சேர்ப்பது, எதை முன்னால் வைப்பது, எங்கே வெட்டுவது, எந்த எண்ணை நம்புவது என்பதைத் துறை அறிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் அதே கட்டுரைகளிலிருந்து அருமையான நூல் வரும். இணையம் சரியாக எட்டாத பள்ளிக்கு அப்படியொரு நூல் பெரும் கொடை. இணைப்புகளைப் பின்தொடர்ந்து பக்கங்களை அள்ளிவரும் நிரல் அந்தப் பார்வையைத் தராது.

அட்டை போட்ட நூல் என்றாலே நமக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. அதில் ஆபத்து உண்டு. 2008-இல் அமெரிக்க மாணவர் ஒருவர், தென் அமெரிக்காவின் கோட்டி என்னும் விலங்கைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் அதற்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று விளையாட்டாகச் சேர்த்தார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு, கோட்டிக்கு நெருங்கிய உறவில்லை. யாரும் நீக்கவில்லை. பிரிட்டிஷ் நாளிதழ்கள் அந்தப் பெயரை எடுத்தாண்டன. பல்கலைக்கழகப் பதிப்பக நூலிலும் அது இடம்பிடித்தது. பிறகு அதே அச்சுச் செய்தி விக்கிப்பீடியாவில் ஆதாரமாக அடிக்குறிப்பேறியது. விக்கிப்பீடியாவிலிருந்து தொகுத்த நூல்களை விக்கிப்பீடியாவிலேயே சான்றாகக் காட்டக் கூடாது என்று அதன் தொகுப்பாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

முழு விக்கிப்பீடியாவையும் அச்சிட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. ஆங்கிலப் பதிப்பை 1,200 பக்கங்கள் வீதம் 1,000 தொகுதிகளாக அச்சிட 2014-இல் பீடியாபிரஸ் இணையத்தில் 50,000 டாலர் திரட்ட முயன்றது, கைகூடவில்லை. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் கலைஞர் மைக்கேல் மாண்டிபெர்க் அதை வேறு வழியில் செய்து காட்டினார். ஏப்ரல் 2015 நிலவரப்படியான ஆங்கில விக்கிப்பீடியா, தலா 700 பக்கங்களில் 7,473 தொகுதிகளாக வந்தது. பொருளடக்கம் மட்டும் 91 தொகுதிகள். பங்களித்தவர்களின் பெயர்கள் 36 தொகுதிகள். சுமார் 75 லட்சம் பேர். கோப்புகளை லூலு என்ற அச்சகத் தளத்தில் ஏற்றி முடிக்கவே மூன்று வாரங்களுக்கு மேல் ஆனது. கண்காட்சிக்காகத் தாளில் அச்சானவை 106 தொகுதிகள்தான். ஏற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே ஆயிரக்கணக்கான கட்டுரைகள் மாறிக்கொண்டிருந்தன.

இவை எல்லாவற்றையும்விட அறிவியல் வாசகருக்கு முக்கியம் என்று நான் கருதுவது 2010-இல் வந்த ஒரு தொகுப்பு. பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் பிரிடில், ஈராக் போர் பற்றிய ஒரே ஒரு விக்கிப்பீடியா கட்டுரையை எடுத்துக்கொண்டார். கட்டுரையை விட்டுவிட்டு, 2004 டிசம்பருக்கும் 2009 நவம்பருக்கும் இடையே அதில் நடந்த சுமார் 12,000 திருத்தங்களை அச்சிட்டார். 12 தொகுதிகள், கிட்டத்தட்ட 7,000 பக்கங்கள். எண்களைப் பற்றிய தகராறு, அழிப்பு, மீட்பு, வசவு எல்லாம் அதில் இருக்கின்றன. மற்ற அச்சு நூல்கள் ஒரு நாளின் பதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எப்படி அந்த நிலைக்கு வந்தது என்பதை விட்டுவிடுகின்றன. விக்கிப்பீடியா ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் எண் கொடுத்து, தேதியோடும் திருத்தியவர் பெயரோடும் பாதுகாக்கிறது. தொகுப்பு நூல் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அந்த எண்ணையும் தேதியையும் அச்சிட்டால் போதும். வாசகர் இன்றைய பதிப்போடு ஒப்பிட்டு எது மாறியது என்று தானே பார்த்துக்கொள்ளலாம். ஒரு வரிதான் இடம் பிடிக்கும்.

பிரிடில் செய்ததை அறிவியலிலும் செய்யலாம். 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுத்து, புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கிக் குறுங்கோள் ஆக்கியது. அந்த வாரத்தில் விக்கிப்பீடியாவின் புளூட்டோ கட்டுரையில் நடந்த திருத்தங்களை மட்டும் ஒரு சிறு நூலாக யாராவது அச்சிட்டால், அதைப் பள்ளி நூலகங்களுக்கு வாங்கிக் கொடுக்க நான் தயார்.