குடும்பக் கல்லா – 9: வெட்டித் தருகிற வியாபாரம்

போன வாரம் ஹாமில்டனில் விட்டோம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அம்மா ஜெனி டோன் தைத்த குவில்ட் ஒன்று (துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) மேல்தையலுக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாமல் கிடக்க, பிள்ளைகள் 2008இல் கடன் வாங்கி, அந்த மேல்தையலைப் போடும் லாங் ஆர்ம் மெஷினை இறக்கினார்கள். அது வீட்டுக்குள் நுழையாததால் கட்டடமும் வாங்கினார்கள். ‘மிசூரி ஸ்டார் குவில்ட் கம்பெனி’ பிறந்தது. விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம்.

குடும்பத்துக்குள் யார் எந்த வேலையைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்த விஷயம். வரும். நடுவில் ஒரு துணிச்சுருள் குறுக்கே உருண்டு வந்துவிட்டது.

இரண்டரை அங்குல அகலத்தில், துணியின் முழு அகலத்துக்கும் வெட்டிய நாற்பது பட்டைகள். ஒரே வடிவமைப்பாளரின் ஒரே தொகுப்பிலிருந்து, ஒன்றோடொன்று நிறம் ஒத்துப்போகிற மாதிரி பொறுக்கி, இறுகச் சுற்றி, ரிப்பன் கட்டி விற்கிறார்கள். டல்லஸில் இருக்கும் மோடா என்ற துணி நிறுவனம் ‘ஜெல்லி ரோல்’ என்று பெயர் வைத்து இதைக் கொண்டுவந்தது. ஐந்து அங்குலச் சதுரங்கள் 42 கொண்ட கட்டுக்கு ‘சார்ம் பேக்’, பத்து அங்குலச் சதுரம் என்றால் ‘லேயர் கேக்’. இந்தக் கட்டுகள் இல்லாமல் ஹாமில்டனின் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். நாற்பது பட்டை, தலா இரண்டரை அங்குலம். அடுக்கி வைத்தால் நூறு அங்குலம். மூன்று கஜம்கூட இல்லை. ஆனால் அதற்குள் தொகுப்பின் எல்லா டிசைனும் இருக்கிறது. அதையே கடையில் நின்று, டிசைனுக்குக் கால் கஜம் வீதம் நாற்பது டிசைன் வெட்டச் சொன்னால் பத்து கஜம் ஆகும். பணமும் போகும், பீரோவும் நிறையும். கஜக் கணக்கில் பார்த்தால் வெட்டிய துணிக்குத்தான் விலை கூடுதல். வாங்குகிறவர்கள் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. கடைக்காரருக்கோ வெட்டும் மேசை வேண்டாம், அளக்க ஆள் வேண்டாம், மீந்த துண்டு என்ற தலைவலி இல்லை. எல்லாக் கட்டும் கிட்டத்தட்ட ஒரே எடை என்பதால் தபாலில் அனுப்புவதும் சுலபம். இணையத்தில் துணி விற்கக் கிளம்பிய ஒரு சின்ன ஊர்க் கடைக்கு இதைவிட வாகான சரக்கு கிடைப்பது கஷ்டம்.

இப்போது இந்த வாரம் முழுக்கத் தூங்கவிடாத விஷயம். ‘ஜெல்லி ரோல் ரேஸ்’ என்று ஒரு குவில்ட் இருக்கிறது. முறை ஜெனிக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஆனால் அவர் காணொளியில் செய்து காட்டிய பிறகு அது எங்கெங்கோ பரவிவிட்டது. நாற்பது பட்டைகளையும் முனையோடு முனை தைத்து ஒரே நாடாவாக்க வேண்டும். நீளம் சுமார் 1600 அங்குலம், அதாவது நாற்பது மீட்டர். தொடக்கத்தில் 18 அங்குலத்தை வெட்டிப் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் இணைப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக வரிசை கட்டாமல் சிதறி விழும். பிறகு நாடாவின் இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, நீளவாக்கில் தைத்துக்கொண்டே போவது. கடைசியில் மடிப்பு வரும். அதற்குள் நாடா முறுக்கிக்கொண்டிருக்கும். பரவாயில்லை, பிரிக்க வேண்டாம். மடிப்பை நறுக்கினால் முறுக்கும் போய்விடும். இப்போது இரண்டு வரிசை, 800 அங்குலம். மறுபடி மடித்துத் தைத்தால் நான்கு வரிசை, 400. அப்புறம் எட்டு, 200. பதினாறு, 100. முப்பத்திரண்டு வரிசை, 50 அங்குலம்.

அவ்வளவுதான். ஐந்தே மடிப்பு. தையலுக்கு இருபுறமும் கால் அங்குலம் போக ஒவ்வொரு வரிசையும் இரண்டு அங்குலம் நிற்கும். 32 வரிசைக்கு 64 அங்குலம். 64க்கு 50 அளவில் போர்வையின் மேல்துணி தயார். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்று யோசிக்கவே இல்லை, கணக்கு தானாகக் கலைத்துப் போட்டுவிட்டது. இன்னொரு கூட்டலும் உண்டு: 800, 400, 200, 100, 50 என்று நீளத் தையல் மொத்தம் 1550 அங்குலம். அதில் முதல் தையல் மட்டும் பாதிக்கு மேல். முதல் 800 அங்குலத்தைத் தாண்டியவர்கள் நடுவில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். குவில்ட் சங்கங்களில் எல்லோரும் மெஷின் முன் உட்கார்ந்து ஒரே நேரத்தில் தொடங்கி நிஜமாகவே பந்தயம் வைக்கிறார்கள்.

கட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பல நிறுவனங்கள் நூல் பிரியாமல் இருக்க ஓரத்தைப் பல்பல்லாக வெட்டியிருக்கும். அளவைப் பல்லின் நுனியிலிருந்து எடுப்பதா, பள்ளத்திலிருந்தா என்று குவில்ட்காரர்கள் வருஷக்கணக்கில் வாதாடுகிறார்கள். மோடா கட்டுகளுக்கு நுனியிலிருந்து என்பதே பெரும்பாலோர் கட்சி. தைப்பதற்கு முன் துவைக்கக் கூடாது என்பதில் சண்டை இல்லை. துவைத்தால் பட்டை சுருங்கிச் சிக்குப் பிடித்து வெறும் நூல்கந்தலாகத்தான் திரும்பும்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. ஹாமில்டன் வழியாக 36ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. அதில் மேற்கே போனால் செயின்ட் ஜோசப். கிழக்கே போனால் சில்லிகாத்தி. உலகத்தில் முதன்முதலாக மெஷினில் வில்லை போட்ட ரொட்டி விற்பனைக்கு வந்தது அந்த சில்லிகாத்தியில்தான், 1928 ஜூலை 7. மெஷினைச் செய்த ஆட்டோ ரோவெடர் செயின்ட் ஜோசப்பில் நகைக்கடை வைத்திருந்தவர். கடைகளை விற்று அந்தப் பணத்தை மெஷினில் கொட்டினார். 1917இல் தீ விபத்தில் முதல் மாதிரியும் வரைபடங்களும் சாம்பல். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கும் மேல் விடாமல் முயன்றிருக்கிறார். ரொட்டிக்காரர்கள் யாரும் சீந்தவில்லை. வெட்டி வைத்தால் காய்ந்துவிடும் என்று கைவிரித்தார்கள். வில்லைகள் பிரியாமல் இருக்க அவர் தொப்பி ஊசிகளைக் குத்திக்கூடப் பார்த்திருக்கிறார். கடைசியில் மெஷினை நம்பி எடுத்தது சில்லிகாத்தியின் சிறிய ரொட்டி ஆலை. 1943 ஜனவரியில் போர்க்காலச் சிக்கனம் என்று வில்லை ரொட்டிக்கு அரசு தடை போட்டது. இல்லத்தரசிகள் போட்ட சத்தத்தில் மார்ச்சுக்குள் தடை நீங்கியது.

வெட்டிய ரொட்டிக்கும் வெட்டிய துணிக்கும் ரத்த சம்பந்தம் ஏதும் கிடையாது. ஒரே சாலையில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், அவ்வளவே. ஆனாலும் ரொட்டிக்காரர்களின் பேச்சை நினைவூட்டும் குரல் குவில்ட் உலகத்திலும் உண்டு. கட்டுத்துணியில் தைப்பது கைத்திறன் ஆகாது, நிறம் தேர்வதும் வெட்டுவதும்தான் பாதிக் கலை என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பலரை மெஷின் பக்கமே வரவிடாமல் தடுத்ததும் அந்தப் பாதிதான். விலை உயர்ந்த துணியில் கத்தி வைக்கும் பயம் லேசானதல்ல. ஜப்பானிய ஓல்ஃபா நிறுவனம் 1979இல் உருளும் கத்தியைக் கொண்டுவந்தபோது அந்தப் பயம் கொஞ்சம் தணிந்தது. கட்டுத்துணி அதை அடியோடு துடைத்துவிட்டது.

கட்டுத்துணியின் இந்த மகிமையை டோன் குடும்பம் எப்போது புரிந்துகொண்டது? மெஷினை வாங்கியபோது அல்ல. பிறர் தைத்த குவில்ட்டுக்கு மேல்தையல் போட்டுக் காசு பார்ப்பதுதான் முதல் திட்டம். அந்தச் சின்ன ஊரில் அதற்கு எத்தனை பேர் வருவார்கள்? மகன் ஆலன், அம்மாவைக் காமிரா முன் நிறுத்தி யூடியூபில் இலவசப் பாடம் எடுக்கச் சொன்னார். அம்மாவும் யூடியூப் என்றால் என்னவென்று தெரியாமலே சரி என்றார். 2009இலிருந்து வந்த அந்தப் பாடங்களில் ஜெனி பெரும்பாலும் கையில் எடுத்தது கட்டுத்துணிதான். பார்க்கிறவர் அதே கட்டை அன்றே வாங்கி, அதே அளவில், அதேபோல் தைக்கலாம். இதோடு ‘தினம் ஒரு பொருள், விலைக் குறைப்பில்’ என்ற திட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். கடை பிழைத்தது. அப்புறம் ஊரின் காலிக் கடைகளை ஒவ்வொன்றாக வாங்கினார்கள்: பாத்திக் துணிக்கு ஒரு கடை, பண்டிகைத் துணிக்கு ஒரு கடை, குழந்தைகள் துணிக்கு ஒரு கடை. மனைவியோடு வந்த கணவர்கள் சாய்ந்து கிடக்க சோபாவும் டிவியும் வைத்து ‘மேன்ஸ் லேண்ட்’ என்று ஓர் இடம்கூட உண்டு. 2015இல் அமெரிக்கச் சிறுதொழில் நிர்வாக அமைப்பு, நாட்டின் அந்த ஆண்டுச் சிறந்த சிறுதொழில் முனைவோராக இந்தக் கம்பெனியின் பங்குதாரர்களைத் தேர்ந்தெடுத்தது.

பங்குதாரர்கள் என்றதும்தான் வாக்குக் கொடுத்த விஷயம் ஞாபகத்துக்கு வருகிறது. காமிரா முன்னால் அம்மா; பின்னால் ஆலன், மகள் சாரா, ஆலனின் நண்பர் டேவிட் மிஃப்சுட். ரத்த உறவில்லாத நண்பர் குடும்பக் கம்பெனியில் பங்குதாரர் ஆகும்போது என்ன நடக்கும், ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் எத்தனை பேர் கம்பெனிக்குள் வந்தார்கள் என்பதையெல்லாம் இரண்டு பத்தியில் அடைத்தால் பாவம். ஒதுக்கிய பக்கம் தீர்ந்துவிட்டது. ஆசிரியர் வாசலில் நிற்கிறார்.

அடுத்த வாரம் டேவிட் மிஃப்சுட். இடமிருந்தால், இதே ஹாமில்டனில் பிறந்து அமெரிக்கா முழுக்கக் கடை திறந்த ஜே.சி. பென்னி, 1924இல் தன் 500ஆவது கடையைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்த கதையும்.

(தொடரும்)