ஓராண்டு ஒப்பந்தம், ஓர் அறை வீடு

தென்கொரியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களை ஈர்ப்பவை அங்கே கிடைக்கும் வசதிகள். விமானக் கட்டணத்தை அநேகமாக வேலை கொடுப்பவரே ஏற்பார். தங்குவதற்கு ‘ஒன்ரூம்’ எனப்படும் ஒற்றை அறை வீடு ஒன்று தருவார். விசாவுக்கான தாள்களை அவரே தயார் செய்து அனுப்புவார். ஓராண்டை முழுதாக முடித்தால் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சட்டப்படி கைக்கு வரும். கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்த ஒருவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் கூட வேலை செய்யும் ஒருவரின் தொல்லை பொறுக்க முடியாத நிலைக்குப் போகும்போது, அவரை நகர விடாமல் பிடித்து வைப்பவையும் இதே வசதிகள்தாம். இந்தத் தொழிலில் சக ஆசிரியர்களைப் பற்றிய புலம்பலுக்குப் பஞ்சமே இல்லை. அதற்குக் கிடைக்கும் அறிவுரையோ பொறுமையாக இரு, மனதில் போட்டுக்கொள்ளாதே, மூச்சுப் பயிற்சி செய் என்பதாகவே இருக்கிறது. தொல்லை கொடுப்பவரின் குணத்தை ஆராய்வதைவிட, அந்தக் குணத்துக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து. விடை பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

வெளிநாட்டு மொழி ஆசிரியர்கள் இ-2 என்ற விசாவில் கொரியாவுக்குள் வருகிறார்கள். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அது வழக்கமாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே கிடைக்கும்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. டொரொன்டோவிலோ லண்டனிலோ வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வாசல் திறந்தே இருக்கிறது. 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தம், பட்டமும் ஆசிரியர் பயிற்சிச் சான்றும் உள்ள இந்தியர்கள் பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியராகச் சேர ஒரு குறுகிய வழியையும் திறந்தது. எந்த வழியாகப் போனாலும், விசா அந்தக் குறிப்பிட்ட வேலையோடு கட்டப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியும் முன் வேறு இடத்துக்கு மாற நினைத்தால் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் நடைமுறையில் தேவைப்படுகிறது. ‘லெட்டர் ஆஃப் ரிலீஸ்’ என்று ஆசிரியர்கள் அதைச் சொல்வார்கள். வேலை போனால் வீடும் போகும். சென்னை அலுவலகம் ஒன்றில் எதிர் மேசைக்காரர் கடுகடுத்தால், மாலையில் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம், அடுத்த மாதம் வேறு வேலை தேடலாம். கொரியாவில் அந்தக் கதவும் முதலாளியுடையது. கடுகடுத்தவர் பல சமயம் அதே கட்டடத்தின் அடுத்த மாடியில் குடியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கூடச் சாப்பிடப் போக வேறு ஆளும் ஊரில் இருக்க மாட்டார்.

ஹாக்வொன் எனப்படும் தனியார் டியூஷன் நிலையங்களில் இதன் மேல் இன்னொன்றும் சேர்கிறது. அங்கே வருமானம் பெற்றோரின் திருப்தியைப் பொறுத்தது. ஒரு தாயின் தொலைபேசிப் புகார் ஓர் ஆசிரியரின் மதிப்பை ஒரே நாளில் கவிழ்த்துவிடும். வொன்ஜாங் என்று அழைக்கப்படும் நிலைய உரிமையாளருக்கு ஆங்கில வகுப்பின் தரத்தை நேரே எடைபோட முடியாமல் இருக்கலாம். புதிதாக வந்த ஆசிரியருக்குக் கொரிய மொழி தெரியாது. ஆகவே நடுவில் நின்று இரு பக்கமும் பேசிக்காட்டுபவர் யாரோ அவர் கையில் அதிகாரம் போய்ச் சேர்கிறது. கோள் சொல்வதற்கு இதைவிட வசதியான இடம் வேறு இல்லை. பழைய பாடக் குறிப்புகளைத் தராமல் மறைப்பது, அடங்காத வகுப்பைப் புதியவர் தலையில் கட்டுவது, கூட்டம் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது எல்லாம் சின்ன விஷயங்கள். ஆனால் அவற்றைச் சரிபார்க்க வழியில்லாத ஒருவருக்கு ஒவ்வொன்றும் மலையாகத் தெரியும். பெற்றோர் மனதில் இருக்கும் ‘ஆங்கில ஆசிரியர்’ முகம் வெள்ளையாக இருந்தால், பழுப்பு நிறத்தவர் முதல் நாளிலிருந்தே தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர் என்ற எண்ணத்தை ராபர்ட் பிலிப்சன் 1992இலேயே கேள்விக்குள்ளாக்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து போன சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியான தன் நூலில் ஆங்கிலக் கல்வியின் ஆதிக்கத்தை நம் பக்கத்திலிருந்து விசாரித்தார். ஆசிரியர் அறைப் படிநிலைகளில் இன்னும் பெரிய மாற்றம் இல்லை.

அரசுப் பள்ளிகளின் கதை வேறு. 1995இல் தொடங்கிய ‘எபிக்’ என்ற அரசுத் திட்டத்தில் வெளிநாட்டவர் ஒரு கொரிய ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பெடுக்கிறார். அந்தக் கோ-டீச்சரின் கடுகடுப்பே பலரின் முதல் புகார். ஆனால் அவருடைய பட்டியலைப் பாருங்கள்: வந்தவருக்கு வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், குடியிருப்பு அட்டை வாங்க வேண்டும், காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், எரிவாயு பில் புரியவில்லை என்றால் விளக்க வேண்டும். தன் சொந்தப் பாடவேளைகளுக்கு மேல் இத்தனையும். மறுத்துப் பேச முடியாத இளைய ஆசிரியர் தலையிலேயே இந்தப் பொறுப்பு பல பள்ளிகளில் விழுகிறது. அவருடைய முகச்சுளிப்பை நஞ்சு என்று எழுதிவிடுவது எளிது. எரிவாயு பில்லைத் தானே கட்டக் கற்றுக்கொண்ட வெளிநாட்டவருக்கு அதே கோ-டீச்சர் மறுமாதம் வேறு ஆளாகத் தெரிவதும் நடக்கிறது.

சிலர் இயல்பிலேயே கொடியவர்கள், அமைப்பின் மேல் ஏன் பழி போட வேண்டும் என்று கேட்கலாம். கொடியவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் சொந்த ஊர் ஆசிரியர் அறையிலும் இருந்தார்கள். அங்கே அவர்களால் முடிந்தது குறைவு. ஜெர்மனியில் பிறந்து ஸ்வீடனில் பணியாற்றிய உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், பணியிடக் கொடுமையை 1980களில் முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். பாதிக்கப்பட்டவரின் குணத்தில் காரணம் தேடுவதை அவர் ஏற்கவில்லை. வேலை பிரிக்கப்படும் விதத்தையும் மேலாளரின் அலட்சியத்தையுமே சுட்டினார். வாரத்துக்கு ஒரு முறையாவது, குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்தால்தான் அது கொடுமை என்று அவர் அளவு வைத்தார். இந்த அளவை ஓராண்டு ஒப்பந்தத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும்: கொடுமை என்று பெயர் சூட்டும் தகுதி வருவதற்குள் பாதி ஒப்பந்தம் முடிந்திருக்கும். பிறகு ‘இன்னும் கொஞ்ச மாதம்தானே’ என்று பல்லைக் கடிப்பதே வழக்கமாகிவிடுகிறது. பணிக்கொடை வேறு கண்ணெதிரே தொங்குகிறது.

இது பண்பாட்டு வேறுபாடு, அனுசரித்துப் போக வேண்டும் என்பது இன்னொரு வாதம். ஓரளவு உண்மைதான். வயதில் மூத்தவருக்குப் பணிவது, ஹோயெசிக் எனப்படும் அலுவலக விருந்துக்குத் தட்டாமல் போவது, கால அட்டவணை கடைசி நிமிடத்தில் மாறுவது எல்லாம் புதியவருக்கு அவமதிப்பாகத் தோன்றலாம். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இது எல்லார் மேலும் விழுகிறதா, ஒருவர் மேல் மட்டுமா? அட்டவணை மாற்றம் எல்லாருக்கும் தாமதமாகத் தெரிந்தால் அது வழக்கம். உங்களுக்கு மட்டும் தெரியாமல் போனால் அதற்கு வேறு பெயர். மேலும், பணியிடக் கொடுமையைத் தடுக்கக் கொரியர்களே தங்கள் தொழிலாளர் தரச் சட்டத்தைத் திருத்தி 2019 ஜூலை 16 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். அவர்களே தவறு என்று சொல்வதை நாம் ‘கொரியப் பண்பாடு’ என்று சொல்லிக் கடந்துபோவது கொரியர்களுக்கு மரியாதை செய்வதாகாது.

அந்தச் சட்டத்தின்படி புகார் வந்தால் முதலாளி விசாரித்தே ஆக வேண்டும். புகார் செய்தவரைப் பழிவாங்கினால் 3 ஆண்டு வரை சிறையோ 3 கோடி வொன் வரை அபராதமோ உண்டு. ஆனால் 5 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தாது. சின்ன ஹாக்வொன்கள் பல இந்த ஓட்டை வழியாகத் தப்பித்துவிடும். ஆசிரியரை ஊழியராகக் காட்டாமல் ‘ஃப்ரீலான்ஸ்’ என்று எழுதிச் சம்பளத்தில் 3.3 சதவீதம் வரி பிடிக்கும் தந்திரமும் உண்டு, ஆனால் தொழிலாளர் அலுவலகம் தாளில் உள்ள பெயரைவிட வேலையின் தன்மையைப் பார்க்கும். புகாருக்குத் தேவை நாள், நேரம், சொன்ன சொல், கூட இருந்தவர் என்ற குறிப்பு. தான் பங்கெடுக்கும் உரையாடலை ஒருவர் பதிவு செய்துகொள்வதைக் கொரியச் சட்டம் குற்றமாகக் கருதுவதில்லை. பிறர் பேசிக்கொள்வதை ஒளிந்து பதிவு செய்வது குற்றம். ஆத்திரத்தில் பெயரைப் போட்டுப் பொதுவெளியில் எழுதுவதோ பெரும் ஆபத்து. அங்கே அவதூறு கிரிமினல் குற்றம். பொதுநலனுக்காகவே சொன்னது என்று காட்ட முடியாவிட்டால், எழுதியது உண்மை என்பது மட்டும் காப்பாற்றாது. வேலைத் தகராறுக்கு 1350, விசாவுக்கு 1345 என்ற எண்களில் ஆங்கிலத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இப்படிக் குறிப்பெடுப்பது உறவை மேலும் கெடுக்காதா என்றால், எழுதி வைப்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. எழுதிப் பார்த்தபின், இது வாரம் தவறாமல் நடப்பதில்லை, எனக்குத்தான் மனசு சரியில்லை என்று புரிந்துகொள்பவர்களும் இருப்பார்கள். அதுவும் லாபம்தான்.

ராவோடு ராவாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறுவதும் இந்தத் தொழிலில் உண்டு. ‘மிட்நைட் ரன்’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மற்றபடி, பணிக்கொடையும் சம்மதக் கடிதமும் அதோடு போய்விடும். தொல்லை கொடுத்தவர் அடுத்து வருபவருக்காகக் காத்திருப்பார். முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, கடிதத்துக்காகப் பேரம் பேசி விலகுவது மெதுவான வழி, ஆனால் அந்த நாட்டிலேயே வேறு வேலைக்குப் போக முடியும்.

இதையெல்லாம்விடக் குறைந்த செலவில் தப்பிக்கும் நேரம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இருப்பது. வேலையை விட்டுப் போகும் ஆசிரியரிடம் ‘இடம் எப்படி?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்றே பதில் வரும். கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் ஒப்பந்தத்தை முடிக்காமல் போனார்கள், ஆட்கள் மொத்தம் எத்தனை, வொன்ஜாங்கிடம் யார் மொழிபெயர்த்துச் சொல்கிறார் என்று கேட்டால் விஷயம் வெளிவரும். வீட்டுக்குப் பதிலாக வாடகைப் படி கேட்டு, தானே வீடு பிடித்துக்கொண்டால் கதவு தன் கையில் இருக்கும். ஆனால் கொரியாவில் வாடகை வீட்டுக்குக் கட்டும் முன்பணம் பல பத்து லட்சம் வொன். புதிதாக வருபவரிடம் அவ்வளவு இருக்காது. முதல் ஒப்பந்தத்தின் பணிக்கொடை கைக்கு வந்தபின், இரண்டாம் ஆண்டில்தான் பலருக்கு அது கட்டுப்படியாகிறது.