ஒலிக்காத ஓர் எழுத்தின் வரலாறு

திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். மேற்கே முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரியும் கொள்ளிடம், கிழக்கே கல்லணைக்கருகில் மீண்டும் அதனை நெருங்கி வருகிறது. இவ்விரு நீருக்கும் இடைப்பட்ட நிலத்தை அரங்கம் என்றனர் தமிழர். ஆற்றிடைக்குறை என்பது அச்சொல்லின் பொருள்களுள் ஒன்று. சிலப்பதிகாரம் இதனைத் துருத்தி என்றும் சுட்டுகிறது.

ஆங்கிலத்தில் இத்தகைய நிலத்திற்கு 'ஐலண்ட்' என்று பெயர். எழுதுங்கால் அதனுள் 'எஸ்' என்னும் எழுத்து நிற்கிறது; ஒலிக்குங்கால் மறைந்துவிடுகிறது. நம் பிள்ளைகளை இடறச் செய்யும் அவ்வெழுத்து எங்கிருந்து வந்தது?

இலத்தீனில் தீவு என்பது 'இன்சுலா'. அதுவே பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஆங்கிலத்தில் 'ஐல்' ஆயிற்று. இந்தச் சிறு சொல் இன்சுலாவின் வழித்தோன்றல் என்பதில் ஐயமில்லை. ஐலண்ட் அவ்வாறன்று. பழைய ஆங்கிலத்தில் 'ஈய்' என்றாலே தீவுதான். அதனோடு நிலம் எனப் பொருள்படும் 'லண்ட்' சேர்ந்தது. இடைக்காலத்தில் 'எஸ்' இல்லாமலேயே அதனை எழுதி வந்தனர். இலத்தீன் மீது பெருமதிப்புக் கொண்டிருந்த 15, 16ஆம் நூற்றாண்டுகளில், ஐல் என்பதைப் போலவே இதுவும் இன்சுலாவின் பிள்ளை எனக் கருதி அவ்வெழுத்தை நுழைத்துவிட்டனர். பிழை இலக்கணமாயிற்று! ஓசை ஒப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு அரபுச் சொற்களுக்குத் தமிழிலும், தமிழ்ச் சொற்களுக்கு அரபியிலும் வேர் காட்டும் நம் நண்பர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். வியப்பு யாதெனில், 'ஈய்' என்பதற்கும் இலத்தீன் உறவு உண்டு. ஆனால் அது இன்சுலாவோடு அன்று, நீரைக் குறிக்கும் 'அக்வா'வோடு.

இன்சுலாவின் உண்மையான பிள்ளைகள் வேறு. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் கணையத்தினுள் கண்ட சிறு திட்டுகளைப் பின்னர் தீவுகள் என அழைத்தனர். அவற்றில் சுரப்பதே இன்சுலின். நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் அன்பர் நாள்தோறும் உச்சரிப்பது தீவின் பெயரைத்தான்.

தமிழின் 'தீவு', வடமொழியின் 'த்வீப' என்பதன் திரிபு. இருபுறமும் நீருடையது என்பது அதன் பொருள்; ஸ்ரீரங்கத்திற்கு முற்றிலும் பொருந்தும். அரபியரோ நீரை நோக்காது நிலத்தை நோக்கினர். 'ஜஸர' என்றால் வெட்டினான்; பெருநிலத்திலிருந்து வெட்டுண்டது 'ஜஸீரா'. தஜ்லா, ஃபுராத் நதிகளுக்கு இடைப்பட்ட வட பகுதிக்கும் அல்ஜஸீரா என்றே அவர்கள் பெயரிட்டனர். மூன்று புறம் கடல் சூழ்ந்த நிலத்தை இலத்தீன் 'ஏறத்தாழத் தீவு' என்றது. இன்றைய அரபியும் அதனை 'ஷிப்ஹு ஜஸீரா', தீவு போன்றது, என்றே வழங்குகிறது.